பன்னெண்டு-பதிமூணு

சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும்
மண்டபம் ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால்
அபுதாகிர் லாத் பட்டறையில்
கோணிச்சாக்கை உதறி விரிப்போம்.
தடைக்காலம்.
படகுகள் கரையேறிக் கட்டைமேல் குந்தியிருக்கின்றன.
எந்தக் கிரீஸ் டப்பா திறந்திருக்கிறதோ
அதைத் தேடி மணலை வீசுகிறது கச்சான்.

வாங்கினவன் விலையைச் சொல்லக்கூடாது.
அது எங்கள் சட்டம்.
மற்றவர்கள் கையில் வாங்கி, எடை பார்த்து,
வாய் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து,
"முன்னூறு இருக்குமா?" என்று
குறைத்தே கேட்க வேண்டும்.
வாங்கினவன் முகம் சுருங்க வேண்டும்.
அதற்குத்தான் டீ.

நம்புராஜன் மதுரைக்குப் போய் ராட்செட் வாங்கி வந்தான்.
எழுபத்திரண்டு பல்.
பல்லி தயங்கித் தயங்கிச் சொல்வதுபோல் ஒரு சத்தம்.
கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றினோம்,
காற்றில் யாரோ விட்டுப்போன நட்டைக்
கழற்றுவதுபோல.
முன்னூறு இருக்குமா என்று கேட்கவே
மறந்துபோனது.

சவேரியிடம் ஒரு சர்க்ளிப் பிளையர்.
ராமநாதபுரத்துப் பழைய இரும்புக் கடையில்
உடைந்த கட்டில் காலோடு கிடந்ததாம்.
எடை போட்டு ஏழு ரூபாய் என்றார்களாம்.
சட்டத்தை மீறி விலையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.
இதற்கு மேல் என்ன குறைப்பது?
எங்கள் முகம்தான் சுருங்கியது.

போஸ்ட்மாஸ்டர் வில்வநாதன் வெள்ளைச் சட்டையோடு வருவார்.
அவருக்கு எஞ்சின் கிடையாது.
வீட்டில் ஒரு சைக்கிள், அதிலும் காற்றுக் கம்மி.
ஆனால் டார்க் ரென்ச் வைத்திருந்தார்,
ஸ்பாஞ்சு வெட்டிய பெட்டியில்,
அளவுச் சான்றிதழை நாலாய் மடித்து மேலே செருகி.
உப்புக்காற்று என்று சொல்லி
திறந்த வேகத்தில் மூடினார்.
இந்தக் கரையில் யாரும் இறுக்காத போல்ட்டுக்கெல்லாம்
அவர்தான் சொந்தக்காரர்.

என் முறை.
தினத்தாளில் சுற்றிய பன்னெண்டு-பதிமூணு ஸ்பேனர்.
இரண்டு வருஷத்தில் நாலாவது.
ஒருத்தரும் சிரிக்கவில்லை,
எல்லார் வீட்டிலும் தொலைகிற பிள்ளை அதுதான்.

போன ஆனியில் மூன்றாவது தொலைந்தபோது
சவேரி என்று நான் சொல்லவில்லை.
அவன் பெட்டி திறந்திருந்த நேரம்
பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.
அவ்வளவுதான்.
அதற்கப்புறம் எந்த வேலைக்கு வந்தாலும்
பெட்டியை முழுசாய்த் திறந்து
என் பக்கமாகச் சாய்த்தே வைப்பான்.
ஒரு வார்த்தை பேசியதில்லை அதைப்பற்றி.
நானும்தான்.

அன்றைக்கு அவன் இடுப்பு மடியிலிருந்து
இன்னொன்றை எடுத்துச் சாக்கில் வைத்தான்.
அந்தோணிப்பிச்சை படகில் எஞ்சினைத் தூக்கினார்கள்,
அடியில் கிடந்தது, என்றான்.
எண்ணெய்ச் சேற்றில் ஊறியதில்
துருகூட வாய் ஓரத்தில்தான்.
கழுத்தில் மூன்று புள்ளி,
ஆய்த எழுத்து மாதிரி,
நான் பஞ்ச் வைத்துக் குத்தியது.

"எடை பாரு" என்றான்.

பார்த்தேன்.
அவன் கொண்டுவந்த சாமான், நான் குறைத்துக் கேட்க வேண்டும்.
"பத்து ரூபா இருக்குமா?"
அவன் முகம் அப்படியே இருந்தது.
டீக்காரப் பையன் டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அதே படகில் ஹெட் பூட்டும்போது
போஸ்ட்மாஸ்டரைக் கூப்பிட்டோம்.
பெட்டியை மார்போடு அணைத்து ஏணியில் ஏறினார்.
நாங்கள் போல்ட்டைக் காட்டக் காட்ட
அவர் இழுத்தார்.
கிளிக்.
நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்த்தார்.
இன்னும் இருக்கு சார், இருபத்தஞ்சு, என்றான் நம்புராஜன்.
வெள்ளைச் சட்டையில் கரி.
சான்றிதழ் காற்றில் பறந்து
கடற்பாசி காயப்போட்ட பக்கம் போய் விழுந்தது.
அவர் கவனிக்கவில்லை.

அடுத்த சனி.
சவேரியின் பெட்டி
மூடியே இருந்தது,
எல்லார் பெட்டியையும்போல.
மேலே அவன் டீ டம்ளர்.